நம் அகங்களில் குழந்தை வளர்ந்த கதை

2022-ஆம் வருஷம் ஆவணி மாதம் பெங்களூரில் என் பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நாற்பது நாள் கூட இருந்து பார்த்துக்கொள்ள மும்பையிலிருந்து கிளம்பினேன். பெட்டியில் புடவைகளை விட மருந்துச் சாமான்கள்தான் அதிகம். வசம்பு, சுக்கு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய் எல்லாம் வேகவைத்துக் காய வைத்த உரைமருந்து செட். வீட்டில் கிளறிய பிரசவ லேகியம். விளக்கெண்ணெயில் பிடித்த மை. ஊரிலிருந்து தருவித்த மலைத்தேன் ஒரு பாட்டில். என் அம்மா எனக்குப் பால் புகட்டிய வெள்ளிப் பாலாடை.

போன மூன்றாம் நாளே பிரச்னை ஆரம்பித்தது. குழந்தை டாக்டர் ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர் கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தேன் ஒரு வயது முடியும் வரை கூடவே கூடாதாம். கண்ணுக்கு மை வேண்டாம், மூக்கில் எண்ணெய் ஊதக் கூடாது, உரைமருந்து வேண்டாம். என் பெட்டி திறந்தபடியே கிடந்தது. எனக்கு முகம் சுண்டிவிட்டது.

"நாங்கள்லாம் வளரலையா?" என்று கேட்டேன்.

என் பெண் கோபப்படவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "வளர்ந்தவாதான் அம்மா இப்படிக் கேக்க முடியும்" என்றாள்.

அந்த ஒரு வாக்கியம் அன்று ராத்திரி என்னைத் தூங்க விடவில்லை. மும்பை திரும்பியதும் என் தகப்பனாரின் பழைய கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். இந்தக் கட்டுரை அந்த நோட்டிலிருந்து பிறந்தது.

நோட்டின் கடைசிப் பக்கம்

அப்பா மாட்டுங்காவில் குடியிருந்த சாதாரண குமாஸ்தா. பால் கணக்கு, வாடகை, ஊருக்கு அனுப்பிய மணியார்டர் எல்லாம் எழுதிய நோட்டின் கடைசிப் பக்கத்தில் எங்கள் ஜனனக் குறிப்புகளை எழுதி வைத்திருந்தார். தமிழ் வருஷம், மாதம், திதி, நக்ஷத்திரம், நாழிகை, விநாடி எல்லாம் துல்லியமாக இருக்கும். 1948-ல் பிறந்த அண்ணாவின் குறிப்பில் மட்டும் இரண்டு மணி எழுதியிருந்தார். ஒன்று 'பம்பாய் டைம்', மற்றொன்று 'ஸ்டாண்டர்ட் டைம்'. 1906-ல் தேசம் முழுமைக்கும் ஒரே நேரம் வந்த பிறகும் பம்பாய் நகரம் பல வருஷங்கள் 39 நிமிஷம் பின்தங்கிய தன் சொந்த நேரத்தை விடாமல் வைத்திருந்தது. ஜாதகம் கணிக்கிறவர் குழம்பக் கூடாதே என்ற கவலை அப்பாவுக்கு!

அந்தப் பக்கத்தில் ஐந்து குறிப்புகள். அவற்றில் இரண்டுக்குக் கீழே ஒரு சிறிய கோடு. கோட்டுக்குக் கீழே இன்னொரு தேதி. வேறு விளக்கம் ஒன்றும் கிடையாது.

முதல் கோடு

முதல் குறிப்பு 1946. அம்மாவின் தலைப்பிரசவம். வழக்கப்படி ஏழாம் மாதம் சீமந்தம் முடிந்து, கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் தாயார் அகத்துக்குப் போய்விட்டாள். பம்பாயிலிருந்து மதராஸ் மெயில், பிறகு வேறு ரயில், பிறகு மாட்டுவண்டி. ஊரில் மருத்துவச்சிதான் பிரசவம் பார்ப்பாள். வாசலை ஒட்டிய இருட்டு அறை, ஜன்னலுக்குத் துணி, மூலையில் கணப்புப் புகை. பத்து நாள் தீட்டு. பதினோராம் நாள் புண்யாஹவாசனம், நாமகரணம், தொட்டில், காப்பரிசி என்று எல்லாவற்றுக்கும் ஏற்பாடு ஆகியிருந்தது.

குழந்தை நன்றாகத்தான் பிறந்தானாம். ஆறாம் நாள் பால் குடிக்கவில்லை. வாயைத் திறக்க முடியவில்லை. தொட்டால் உடம்பு வில்லாக வளைந்தது. எட்டாம் நாள் போய்விட்டான். பெயர் வைக்கும் நாள் வருவதற்குள் போய்விட்டதால் அவனுக்குப் பெயரே இல்லை. தோஷம் என்றார்கள், கண் திருஷ்டி என்றார்கள். பாட்டி சாகும் வரை தன் அகத்தில் நடந்ததே என்று சொல்லிச் சொல்லி மாய்ந்து போனாள்.

என் பெண்ணின் டாக்டர் தோழியிடம் இதை விவரித்தபோது, அவள் பாதியிலேயே, "மாமி, அது டெட்டனஸ்" என்றாள். தொப்புள்கொடியை அறுத்த கத்தியிலோ, மேலே வைத்த சாம்பலிலோ, கட்டிய நூலிலோ இருந்த கிருமி. கர்ப்பிணிக்கு ஊசியும், கொதிநீரில் போட்ட பிளேடும் இருந்தால் வராது. நம் நாட்டில் 1983-ல்தான் கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசி போடுவது தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. தாய்க்கும் சிசுவுக்கும் வரும் டெட்டனஸ் ஒழிக்கப்பட்ட நாடாக இந்தியா அறிவிக்கப்பட்டது 2015-ல். என் பெயரில்லாத அண்ணா பிறந்து 69 வருஷம் கழித்து!

மருத்துவச்சியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் தன் தாயாரிடம் கற்றதைச் செய்தாள். எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்தும் இருக்கிறாள். அவளுக்குச் சொல்லிக்கொடுக்க அந்த ஊரில் யாரும் இல்லை.

பத்து நாள் வாழ்ந்த ஒரு குழந்தை

நம்மைப் போன்ற குடும்பத்தில் இதேபோல் ஒரு குழந்தை போனது சரித்திரத்தையே மாற்றியிருக்கிறது. மும்பையை அடுத்த கல்யாணில் வளர்ந்த மராட்டிய பிராமணப் பெண் ஆனந்திபாய் ஜோஷி. 1865-ல் பிறந்தவர். ஒன்பது வயதில் கல்யாணம். பதினான்கு வயதில் ஆண் குழந்தை பிறந்தது. பத்தே நாள்தான் இருந்தது. தக்க வைத்தியம் இல்லாமல் குழந்தையைப் பறிகொடுத்த அந்தப் பெண், தானே டாக்டராவது என்று தீர்மானித்தார். கணவர் கோபால்ராவ் தூண்டுதலும் இருந்தது. கடல் கடந்து அமெரிக்கா போய், 1886-ல் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையும் ஹிந்துக்களின் பழைய பிரசவ வைத்திய முறைகளைப் பற்றியதுதான். ஆனால் க்ஷயரோகத்துடன் திரும்பி வந்து, 1887 பிப்ரவரியில், 22 வயது முடிவதற்குள், புனேயில் காலமானார். ஒரு பிரசவம் கூடத் தன் தேசத்தில் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

அவர் பட்டம் பெற்ற அதே 1886-ல்தான் பம்பாயில் காமா ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. ஸ்திரீகளுக்கு ஸ்திரீ டாக்டர்களே வைத்தியம் பார்க்க வேண்டும் என்று ஏற்பட்டது அது. ஆண் டாக்டரிடம் காட்ட மாட்டோம் என்று அகத்துக்குள்ளேயே இருந்த பெண்கள் அங்கே வர ஆரம்பித்தார்கள். பிறகு 1926-ல் பரேலில் நௌரோஸ்ஜி வாடியா பிரசவ ஆஸ்பத்திரி வந்தது. பக்கத்திலேயே 1929-ல் குழந்தைகளுக்கென்று பாய் ஜெர்பாய் வாடியா ஆஸ்பத்திரி. பார்ஸி தர்மவான்களின் கைங்கரியம்.

ஊரிலிருந்து நகரத்துக்கு

மாட்டுங்கா என்றாலே நம்மவர்கள் என்று இன்று பலரும் நினைக்கிறார்கள். அந்தப் பேட்டையே வியாதியால் பிறந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1896-ல் பம்பாயில் பிளேக் வந்தது. காற்றும் வெளிச்சமும் இல்லாத சால்களில் ஜனங்கள் மாண்டார்கள். 1898-ல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் ஏற்பட்டு, தாதர், மாட்டுங்கா பகுதியில் அகலமான தெருக்களும் மரங்களும் கொண்ட குடியிருப்புகளைத் திட்டமிட்டது. 1920, 30-களில் நம் ஆட்கள் அங்கே வந்து நிறைந்தார்கள்.

அப்போது நகரத்தில் குழந்தை வளர்ப்பது எப்படி இருந்தது என்பதற்கு ஒரு கணக்கு. 1921-ல் பம்பாயில் பதிவான ஆயிரம் பிறப்புக்கு 600-க்கும் மேல் சிசு மரணங்கள் பதிவாயின. நம்ப முடியாத எண். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. எங்கள் அம்மாவைப் போலப் பல பெண்கள் பிரசவத்துக்கு ஊருக்குப் போய்விடுவார்கள். பிறப்பு அங்கே பதிவாகும், அல்லது எங்குமே பதிவாகாது. கைக்குழந்தையுடன் திரும்பி வந்த பிறகு குழந்தை போனால், அந்த மரணம் மட்டும் பம்பாய்க் கணக்கில் ஏறும். அதைக் கழித்துப் பார்த்தாலும் நிலைமை கொடுமைதான், முக்கியமாக ஒற்றை அறைக் குடித்தனங்களில்.

முதல் குழந்தை போன பிறகு அம்மா ஒரு காரியம் செய்தாள். அடுத்த பிரசவத்துக்கு ஊருக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அந்தக் காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை. பாட்டி அழுதாள்; அப்பாவின் தாயார், "ஆஸ்பத்திரித் தீட்டு யார் கழிப்பது?" என்றாள். அப்பா வாயைத் திறக்கவில்லையாம். ஆனால் பரேல் ஆஸ்பத்திரியில் பெயர் பதிவு பண்ணிவிட்டு வந்து சீட்டை ஸ்வாமி அலமாரியில் வைத்துவிட்டார். கடைசியில் பாட்டிதான் லேகியமும் உரைமருந்தும் கட்டிக்கொண்டு ரயிலேறி பம்பாய் வந்தாள். 1948-ல் அண்ணாவும் 1952-ல் நானும் ஆஸ்பத்திரியில் பிறந்தோம். அதற்கப்புறம் எங்கள் குடும்பத்தில் பெண்கள் தாயார் அகம் போவதை விட, தாயார்கள் பெண் இருக்கும் ஊருக்கு ரயிலேறுவதே வழக்கமாகிவிட்டது. டில்லி, கல்கத்தா, நாகபுரி, ஜாம்ஷெட்பூர் என்று இதைப் படிக்கும் எத்தனையோ மாமிகளுக்கு இந்த அனுபவம் இருக்கும்.

இரண்டாவது கோடு

இனி எழுதப் போவதை இதுவரை வெளியில் சொன்னதில்லை.

1956-ல் எனக்கு ஒரு தங்கை பிறந்தாள். 1957 கோடையில், அவளுக்கு ஒன்பதாவது மாதம், பேதி ஆரம்பித்தது. பல் முளைக்கிற பேதி என்று முதலில் சொன்னார்கள். நிற்கவில்லை. பெரியவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, வயிற்றுக்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது என்பது. வந்து பார்த்த டாக்டரும் வயிற்றுக்கு ஓய்வு வேண்டும் என்றார். அன்றைய வைத்தியத்தில் அப்படிச் சொன்னவர்கள் அநேகர். குழந்தை கூஜாவைப் பார்த்துப் பார்த்து அழுதது. பிறகு அழவும் தெம்பில்லாமல் நாக்கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு ஐந்து வயது. மத்தியானம் எல்லோரும் கண் அசந்த நேரத்தில், பாலாடையில் தண்ணீர் எடுத்து அவள் வாயில் விட்டேன். மடமடவென்று குடித்தாள். மூன்று பாலாடை. மறுநாள் விடியற்காலை போய்விட்டாள்.

நான் கொடுத்த தண்ணீரால்தான் போனாள் என்று அன்று நம்பினேன். முப்பது வருஷம் நம்பினேன். ஒருவரிடமும் சொல்லவில்லை.

1971-ல் பங்களாதேஷ் யுத்தத்தின்போது மேற்கு வங்க எல்லையில் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் ஸலைன் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பும் குளுகோஸும் சோடாவும் கலந்த தண்ணீரை வாய் வழியாகக் கொடுக்கச் செய்தார். சாவு வெகுவாகக் குறைந்தது. பேதியிலும் குடல் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. சர்க்கரையோடு சேர்ந்தால் உப்பும் தண்ணீரும் உடம்புக்குள் போகும் என்பதுதான் அதன் தத்துவம். பேதியில் குழந்தை சாவது பெரும்பாலும் நீர் வற்றித்தான். 2022-ல் காலமான அந்த டாக்டருக்கு 2023-ல் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது 1987-ல். என் பெண்ணுக்கு ஒரு வயது, இதே பேதி. செம்பூரில் குழந்தை டாக்டர் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, ஒவ்வொரு தடவை போனதும் இதைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள் என்றார். "தண்ணீர் கொடுக்கலாமா?" என்று மூன்று தரம் கேட்டேன். அவருக்கு என் முகத்தைப் பார்த்து ஆச்சரியம். வீட்டுக்கு வந்து, கரைத்து, அதே பாலாடையில் புகட்டும்போது என் கை நடுங்கியது. அம்மா பக்கத்தில் இருந்தாள். அன்றுதான் அவளிடம் சொன்னேன்.

அம்மா வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "பாலாடை ஈரமா இருந்தது. எனக்கு அன்னிக்கே தெரியும்டீ. எனக்குக் கொடுக்க தைரியமில்லாததை நீ கொடுத்தே" என்றாள்.

டின் பாலும் தடுப்பூசியும்

புதியதெல்லாம் நல்லது என்றும் நான் சொல்ல மாட்டேன். 1978-ல் பையன் பிறந்தபோது நான் பாங்கில் வேலை. 1961-ஆம் வருஷச் சட்டப்படி பிரசவ லீவு 12 வாரம். இந்த லீவுக்கும் பம்பாய்தான் முன்னோடி. ஆலைப் பெண்களுக்காக 1929-ல் இங்கேதான் முதல் பிரசவ உதவிச் சட்டம் வந்தது. முந்தைய வருஷம் சட்டசபையில் டாக்டர் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசியிருக்கிறார். 12 வாரம் முடிந்ததும் நான் ஆபீஸுக்குப் போக, குழந்தைக்கு டின் பால். எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு தயாரிக்கும் முறையை மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்து, அமுல் தயாரித்து விற்றது. நல்ல சாதனைதான். ஆனால் விளம்பரத்தில் கொழுகொழு குழந்தையைப் பார்த்து, வேலைக்குப் போகாத தாய்மார்கள் கூடத் தாய்ப்பாலை நிறுத்தினார்கள். டின் பால்தான் நாகரிகம் என்றிருந்தது. 1992-ல் சட்டம் வந்து அந்த விளம்பரங்கள் தடை செய்யப்பட்டன. 2017-ல் பிரசவ லீவு 26 வாரமாயிற்று. என் பெண்ணால் ஆறு மாதம் தாய்ப்பால் கொடுக்க முடிந்ததற்கு அந்த லீவுதான் காரணம்.

தடுப்பூசி விஷயத்திலும் பம்பாய்க்கு ஒரு பெருமை உண்டு. இந்தியாவிலேயே முதல் அம்மைத் தடுப்பு 1802 ஜூன் 14 அன்று இங்கே ஆன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுப் பெண் குழந்தைக்குப் போடப்பட்டது. அவள் கையில் எழும்பிய கொப்புளத்திலிருந்து எடுத்துத்தான் மற்றவர்களுக்குப் போட்டு, ஊர் ஊராக அனுப்பினார்கள். என் புஜத்தில் இருக்கும் இரண்டு தழும்புக்கு வயது அவ்வளவு. 1975-ல் பெரியம்மை இந்த தேசத்தை விட்டுப் போயிற்று. போலியோவின் கடைசிக் கேஸ் 2011 ஜனவரியில் ஹௌராவில். தேசம் முழுவதும் 1971-ல் ஆயிரம் குழந்தைக்கு 129 என்றிருந்த சிசு மரணம் 2020-ல் 28 ஆகியிருக்கிறது. இந்த நூற்றுச் சொச்சம் வித்தியாசத்தில்தான் என் அண்ணாவும் தங்கையும் இருக்கிறார்கள்.

எதை வைத்துக்கொள்வது?

நம் பெரியவர்கள் ஒன்றும் தெரியாதவர்களா? இல்லவே இல்லை. ஆயுர்வேதத்தின் எட்டு அங்கங்களில் ஒன்று குழந்தை வைத்தியம். காச்யப ஸம்ஹிதை என்று தனி நூலே உண்டு. தாலாட்டையும் சப்பாணியையும் அம்புலியையும் பருவம் பருவமாகப் பிரித்துப் பிள்ளைத்தமிழ் பாடிய மொழி நம்முடையது. பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் வேலை இல்லை, வேளாவேளைக்குச் சாப்பாடு, ராத்திரி குழந்தையைப் பார்க்க இன்னொருத்தி என்ற ஏற்பாட்டை எந்த டாக்டரும் குறை சொல்லவில்லை. இன்று தனியாக பிளாட்டில் தவிக்கும் பெண்களுக்கு இதை விடப் பெரிய மருந்து இல்லை. ஆனால் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் வைத்ததும் நாம்தான். எது காப்பாற்றியது, எது காப்பாற்றவில்லை என்று பிரித்துப் பார்க்க வளர்ந்தவர்களை மட்டும் எண்ணினால் போதாது. கோடு போட்ட பெயர்களையும் எண்ண வேண்டும்.

பதினோராம் நாள் பேத்தியின் புண்யாஹவாசனத்துக்கு வந்த வாத்தியாரிடம், ஜாதகர்மாவில் தேனும் நெய்யும் நாக்கில் வைக்க வேண்டுமே, டாக்டர் தேன் கூடாது என்கிறாரே என்று தயங்கிக்கொண்டே கேட்டேன். அவர் சிரித்து, "மாமி, பொன்னால் தொட்டுக் காட்டி மந்திரம் சொன்னால் போறும். குழந்தை தீர்க்காயுசா இருக்கணும்னுதானே அந்த மந்திரமே" என்றார். அதற்குமேல் நான் ஒன்றும் பேசவில்லை. தேன் பாட்டில் மாப்பிள்ளைக்குத் தோசைக்குத் தொட்டுக்கொள்ள உதவியது.

எண்ணெய்க் குளியல் மட்டும் எனக்குக் கிடைத்தது. காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் குப்புறப் போட்டு, தேங்காய் எண்ணெய் தடவி, வெந்நீர் விட்டு, துவட்டித் தூளியில் போட்டால் மூன்று மணி நேரம் தூங்கும். டாக்டரும் அதற்கு ஆக்ஷேபணை சொல்லவில்லை. மூக்கில் மட்டும் ஊதவில்லை!

அப்பாவின் நோட்டை என் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். அந்தக் கடைசிப் பக்கத்தின் கீழே பேத்தியின் திதி, நக்ஷத்திரத்தை நான் எழுத, பக்கத்தில் தடுப்பூசித் தேதிகளை அவள் எழுதிக்கொண்டு வருகிறாள்.

நம் அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அகத்துப் பரணிலும் இப்படி ஒரு நோட்டு, ஒரு டைரி, ஒரு ஜாதகக் கட்டு இருக்கும். எடுத்துப் பாருங்கள். வயதானவர்கள் இருந்தால், உங்களுக்கு எத்தனை குழந்தைகள் என்று கேட்காதீர்கள். எத்தனை பிறந்தது என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். பெயர் வைக்காமலே போன குழந்தைகளுக்கு நாம் செய்யக்கூடியது இது ஒன்றுதான்.

எல்லாக் குழந்தைகளும் க்ஷேமமாக வளரட்டும்.